எனக்கு ஆங்கிலம் தெரியாமல் இருந்த பத்து மாதங்கள்

புதிதாகச் சேர்ந்த டீச்சர்களான உங்களிடம் பயிற்சியின் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். நம் பள்ளியில் தமிழ் டீச்சருக்கு ஆங்கிலம் தெரியாது, ஆங்கில டீச்சருக்குத் தமிழ் தெரியாது. பிள்ளைகள் முன்னால் ஒரு சொல்கூட மாற்றிப் பேசக்கூடாது. கேட்டதும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்தவள்தான். போடியில் வேறொரு பள்ளியில் இருபது வருஷம் குப்பை கொட்டிவிட்டு இங்கே வந்தேன். ஆங்கிலத்தில் பட்டம் வாங்கியவளிடம் போய் ஆங்கிலமே தெரியாத மாதிரி நடி என்றால் சிரிக்காமல் என்ன செய்வாள்?

சென்னையில் இருக்கும் பெரிய பள்ளி நம் ஊரில் கிளை தொடங்கியபோது ஊரே வேடிக்கை பார்த்தது. பன்னாட்டுப் பள்ளி என்றார்கள். ஏலக்காய்த் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள், வெளிநாட்டில் பிறந்து இங்கே திரும்பி வந்த பிள்ளைகள், தோட்டத்தில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் என்று எல்லோரையும் சேர்த்தார்கள். அதுவும் ஆறு வயதிலிருந்து ஒன்பது வயது வரை ஒரே அறையில். "ஏன் டீச்சர், ஒண்ணாப்பையும் நாலாப்பையும் ஒரே ரூம்ல ஒக்கார வச்சிருக்கீக, வாத்தியாரு பத்தலையா?" என்று பஸ் ஸ்டாண்டில் நிறுத்திக் கேட்டவர்கள் உண்டு. ஒரு பெரிய பிள்ளைக்கு ஒரு சின்னப் பிள்ளை கூட்டாளி, பெரியவள் சொல்லிக் கொடுத்தே தானும் கற்றுக்கொள்வாள் என்று விளக்குவேன். "அப்ப நீங்க எதுக்கு?" என்பார்கள். நியாயமான கேள்விதான்.

நடிப்பு லேசான சோலி இல்லை. ஒரு நாள் மதிய இடைவேளையில் ஆங்கில நாளிதழை விரித்து வைத்துச் சுவாரசியமாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. "என்ன மிஸ் பண்றீங்க?" என்றான் ஒருவன். "படம் பாக்குறேன் அப்பு" என்றேன். "பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஆங்கில டீச்சர் பாடு இன்னும் மோசம். அவள் பக்கத்துத் தேவாரம் ஊர்க்காரி. ஆங்கிலம் பேசினால் லண்டன் தோற்றுப்போகும். ஆனால் ஒரு நாள் விளையாட்டுத் திடலில் காலில் நெருஞ்சி ஏறியதும் "ஆத்தாடி!" என்று அலறிவிட்டாள். பிள்ளைகள் கூடி நின்று ஆலோசனை செய்தார்கள். ஆத்தாடி என்பது ஆங்கிலத்திலும் இருக்கிற சொல்தான் என்று முடிவு கட்டினார்கள். நல்லவேளை.

இதெல்லாம் எதற்கு என்றால், தேவை இருந்தால்தான் பிள்ளை வாயைத் திறக்கும். எதிரில் இருப்பவருக்குத் தன் மொழி புரியும் என்று தெரிந்துவிட்டால் இன்னொரு மொழிக்கு ஏன் மெனக்கெடப் போகிறது? இந்த விதி நல்ல விதி. அதை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு தப்பைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

என் வகுப்பில் முத்துச்செல்வி என்று ஒருத்தி இருந்தாள். ஒன்பது வயது. குரங்கணியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அவள் அம்மாவுக்கு ஊருக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை. முத்துவின் கூட்டாளி ஆதிரை. ஏழு வயது. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள், தாத்தாவின் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள அவள் அம்மா ஊர் திரும்பியதால் கூடவே வந்தவள். ஆதிரைக்குத் தமிழ் ஓரளவு புரியும், ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். எனக்கோ ஆங்கிலம் தெரியாது. ஆகவே முத்து தானாகவே எங்கள் இருவருக்கும் மொழிபெயர்ப்பாளர் வேலையை எடுத்துக்கொண்டாள். ஜூன் மாதம் நாலு ஆங்கிலச் சொல்லோடு தொடங்கினாள். தீபாவளிக்குள் வெளுத்து வாங்கினாள்.

அவள் மொழிபெயர்த்த அழகைக் கேட்க வேண்டுமே! பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசியதை இங்கே நூல் தமிழில் எழுதுகிறேன், வித்தியாசம் தெரியட்டும்.

மணல் தட்டில் "அ" எழுதச் சொன்னேன். ஆதிரை ஆங்கிலத்தில், "இந்த எழுத்து அசிங்கமாக இருக்கிறது, நான் எழுத மாட்டேன்" என்றாள்.

முத்து என்னைப் பார்த்து, "எழுத்து ரொம்ப அழகா இருக்காம் மிஸ். கைதான் வலிக்குதாம். நாளைக்கு எழுதுறாளாம்" என்றாள்.

இன்னொரு நாள் ஆதிரை, "இந்த மிஸ் ஏன் எப்போதும் கத்துகிறார்?" என்றாள்.

"ஒங்க கொரலு கணீர்னு இருக்காம் மிஸ்."

நான் மட்டும் சளைத்தவளா? "மணி அடிக்கப் போகுது, அவள வெரசா சாப்பிடச் சொல்லு, இல்லேன்னா தட்டப் பிடுங்கிருவேன்" என்பேன். முத்து அவளிடம் போய், "உன் சட்டை அழகாக இருக்கிறதாம். நிதானமாகச் சாப்பிடச் சொன்னார்" என்பாள், முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லாமல்.

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு நாக்கைக் கடித்துக்கொள்வேன். பிறகு ஆசிரியர் அறையில் டீ குடிக்கும்போது இரண்டு பேர் மாதிரியும் பேசிக் காட்டுவேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். "இன்னிக்கு என்ன பொய் சொன்னா ஒங்க முத்து?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். பொய் என்றுதான் நாங்கள் சொல்வோம். பத்து மாதம் அப்படிச் சொல்லிச் சொல்லி, அந்தப் பிள்ளை பொய் சொல்கிறவள் என்பது எனக்கே தெரியாமல் என் மனதில் உட்கார்ந்துவிட்டது.

கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த மறுநாள். நானும் ஆங்கில டீச்சரும் வகுப்பை இரண்டு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம் பார்க்கப் போனோம். முத்துவின் அம்மா வேலை செய்யும் அதே தோட்டம். அன்றைக்கு முத்துவைப் பிடிக்க முடியவில்லை. இந்தத் தண்டு தட்டை, காய் பிடிக்கிற இந்தக் கொத்து சரம், பூ தரையோடு தரையாகத்தான் வரும், செடி உச்சியில் தேடாதீங்க என்று சின்னதுகளுக்கு இரண்டு மொழியிலும் பாடம் நடத்தினாள். நான் பேச வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

சாப்பாட்டு நேரத்தில் தலைகளை எண்ணினேன். ஒரு ஜோடி குறைந்தது. முத்துவும் ஆதிரையும். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டாவது தடவை கத்தியபோது ஓடைப் பக்கத்துச் செடிகளை விலக்கிக்கொண்டு வந்தார்கள். ஆதிரை அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய வெள்ளைக் காலுறை முழுக்க ரத்தம்.

அவள் ஆங்கிலத்தில் தேம்பினாள். "கறுப்பாக, குட்டியாக ஒரு பாம்பு. என் காலைக் கடித்துவிட்டது."

முத்து உடனே, "அட்டை மிஸ். ஒண்ணுமில்ல. நான் பிச்சு எறிஞ்சிட்டேன்" என்றாள்.

இப்போது நீங்கள் சிரிக்கலாம். அன்றைக்கு என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரு காதில் பாம்பு, மறு காதில் அட்டை. கடிபட்டவள் பாம்பு என்கிறாள். அட்டை என்கிறவளோ பத்து மாதமாக ஒரு வாக்கியத்தையும் உள்ளபடி சொல்லாதவள். அதோடு, பாதையை விட்டு ஓடைக்கு அழைத்துப் போனதும் அவள்தான். மாட்டிக்கொள்ளக்கூடாது என்று மூடி மறைக்கிறாள் என்று தோன்றியது.

மண்டியிட்டு ஆதிரையின் காலைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டேன். "எங்கே கடித்தது? எவ்வளவு நீளம் இருந்தது? தலை சுற்றுகிறதா? பயப்படாதே, காலை அசைக்காதே." பட்டம் வாங்கிய ஆங்கிலம் அத்தனையும் கொட்டிற்று. பின்னால் ஒரு ஆறு வயசுக் குரல், "தமிழ் மிஸ் இங்கிலீஷ் பேசுறாங்கடா!" என்று கூவியது.

அங்கேயே நிறுத்தியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். பிள்ளைக்கு ஆபத்து என்றால் விதியாவது மண்ணாவது, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் முத்து மறுபடியும், "அட்டைதான் மிஸ்" என்றாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ!

"இன்னிக்காச்சும் உண்மையச் சொல்லுடி! பத்து மாசமா நீ மாத்தி மாத்திச் சொல்ற பொய்யெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? எனக்கு எல்லாமே புரியும்" என்று கத்தினேன். வகுப்பு முழுக்க நின்று கேட்டது. நாலைந்து செடி தள்ளி வேலை செய்துகொண்டிருந்த பெண்களும் கேட்டார்கள். அதில் அவள் அம்மாவும் இருந்தாள்.

முத்து அழவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஆதிரையைப் பார்த்தாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

மற்ற பிள்ளைகளை, ஜீப் பக்கத்திலிருந்து அப்போதுதான் ஓடி வந்த ஆங்கில டீச்சரிடம் விட்டுவிட்டு ஆதிரையைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். டிரைவர் அந்தக் காலைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பேசாம ஓட்டுங்கண்ணே, வெரசா" என்று அவர் வாயையும் அடைத்தேன். போடி வந்து சேரும் வரை ஆதிரையிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தேன். என் ஆங்கிலத்தைக் கேட்டு அவள் அழுகையை நிறுத்திவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்தாள்.

டாக்டர் காலைக் கழுவித் துடைத்துப் பார்த்தார். குனிந்து ஒரு தடவை, விளக்கை இழுத்து வைத்து இன்னொரு தடவை பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "அட்டைக்கடி டீச்சர்" என்றார். "அது கடிச்சா ரத்தம் சட்டுன்னு நிக்காது. பாம்புன்னு சந்தேகம் வந்து தூக்கிட்டு வந்தது நல்லதுதான், அதுல தப்பில்ல. கொஞ்ச நேரம் இருந்து பாத்துட்டுப் போங்க. பக்கத்துல இருந்தவங்க யாரும் பாக்கலையா?"

"ஒரு பிள்ளை பாத்தா. அட்டைன்னு சொன்னா."

"அப்புறம் என்ன?" என்று கேட்டுவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை.

மறுநாள் முத்து வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வகுப்பில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. எனக்குத் தெரிந்த மற்ற மொழிகளையும் ஒப்புக்கொள்ளச் சொல்லி ஒருவன் குறுக்கு விசாரணை செய்தான். ஆங்கில டீச்சரைப் போய், "உங்களுக்கும் தமிழ் தெரியுமா?" என்று மடக்கினார்கள். புண்ணியவதி, அசையாமல், "நீ என்ன கேட்கிறாய் குழந்தாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டு நின்றுவிட்டாள். ஆதிரை மட்டும் காலியாக இருந்த பாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் ஆங்கிலத்தில் கேட்டாலும் பதில் இல்லை, தமிழில் கேட்டாலும் இல்லை.

மூன்றாம் நாள் எங்கள் தலைமையாசிரியை கூப்பிட்டார். சென்னையிலிருந்து வந்தவர், என் மகள் வயது. இந்த வேலையில் எனக்கு யாராவது குரு உண்டென்றால் அது அந்தப் பெண்தான். விதியை உடைத்ததற்கு வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகப் போனேன். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"ஒண்ணு கேட்கட்டுமா டீச்சர்? முத்து மாத்திச் சொன்னதையெல்லாம் எங்களுக்கு நடிச்சுக் காட்டுவீங்களே, அதுல ஒரு தடவையாவது தனக்காக மாத்திச் சொல்லியிருக்காளா?"

அங்கேயே நின்று பத்து மாதத்தையும் புரட்டிப் பார்த்தேன். எழுத்து அழகு, கணீர்க் குரல், சட்டை, நிதானமாகச் சாப்பிடு. நான் ஆதிரையைத் திட்டாமல், ஆதிரை என்னை வெறுக்காமல் இருப்பதற்காகச் சொன்னவை எல்லாம். தனக்கென்று ஒன்றுகூட இல்லை. அந்த முத்துவைத்தான் பொய் சொல்கிறவள் என்று நான் ஊர் கேட்கக் கத்தியிருக்கிறேன். அறையை விட்டு வெளியே வந்தபோது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் குரங்கணிக்குக் கிளம்பினேன். ஆதிரையின் அம்மாவிடம் முதல் நாளே விஷயத்தைச் சொல்லியிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். "நானும் போவேன்னு ஒரே பிடிவாதம் டீச்சர்" என்று அவளை என்னோடு பஸ்ஸில் ஏற்றிவிட்டார். வழி முழுக்க ஆதிரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

முத்துவின் அம்மா வாசலிலேயே இருந்தாள். வாங்க என்று சொன்னாள், ஆனால் முகம் கொடுக்கவில்லை. "ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குறா டீச்சர். அடிச்சும் பாத்தாச்சு. பொய் சொல்றவளுக்கு எதுக்குப் படிப்பு, நானும் ஒங்கூடக் காயெடுக்க வர்றேங்குறா. எங்க வீட்லேயே இங்கிலீசு பேசின மொதப் பிள்ள அது" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் நான் தோற்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் ஒரு பிள்ளை எடுக்கும் முடிவு சில சமயம் அப்படியே நின்றுவிடும். இத்தனை வருஷத்தில் அப்படி நின்றுபோன முகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

முத்து வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் திரும்பிக்கொண்டாள். நான் கீழேயே உட்கார்ந்தேன்.

"முத்து, தப்பு எம்மேல. நீ உண்மையச் சொன்ன, நான் நம்பல. எல்லாரு முன்னாடியும் ஒன்னைய அசிங்கப்படுத்திட்டேன். மன்னிச்சுக்க ஆத்தா."

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆதிரையைப் பார்த்து, நல்ல திருத்தமான ஆங்கிலத்தில் சொன்னாள். "இவர் என்ன சொல்கிறார்? எனக்குத் தமிழ் தெரியாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பத்து மாதம் எடுத்துக் கொடுத்த மருந்தை எனக்கே திருப்பிக் கொடுக்கிறாள். அவள் அம்மா ஒன்றும் புரியாமல், "இங்கிலீசுல வையிறாளா டீச்சர்?" என்றாள். "இல்லம்மா, பேசிக்கிட்டு இருக்கோம்" என்றேன்.

ஆதிரை அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில், "மிஸ் அழுகிறார்" என்றாள்.

நான் அழவில்லை. அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் கண் கலங்கியது.

"அவரை வீட்டுக்குப் போகச் சொல்" என்றாள் முத்து, ஆங்கிலத்தில்.

ஆதிரை என் பக்கம் திரும்பினாள். உதடு இரண்டு மூன்று தடவை அசைந்தது. பிறகு, பத்து மாதத்தில் முதல் தடவையாக, அந்தப் பிள்ளை வாயிலிருந்து தமிழ் வந்தது.

"மிஸ்... நீங்க... சாப்பிட்டுப் போங்க. முத்து சொல்றா."

முத்து வெடுக்கென்று நிமிர்ந்தாள். மறுத்துப் பேச வேண்டுமானால் தமிழ் புரிந்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்து, திறந்தபடியே மூடிக்கொண்டாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? எனக்கு இரண்டு மொழியும் தெரியும். முத்து சொன்னதும் கேட்டது, ஆதிரை சொன்னதும் கேட்டது. மொழிபெயர்ப்பையே எடுத்துக்கொண்டேன். "முத்து சொன்னாச் சரி. சாப்பிட்டே போறேன்" என்றேன்.

"அதானே, வந்தவக சும்மா போவாகளா? முத்து, அந்தக் கெழங்கக் கொண்டா" என்று அவள் அம்மா உள்ளே ஓடினாள்.

அவித்த கப்பைக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சட்னியும் வந்தது. காந்தாரி தெரியுமல்லவா, நகக்கண் அளவுதான் இருக்கும், உயிரை எடுத்துவிடும். அம்மியில் அதை முத்துதான் நசுக்கினாள், வேண்டிய மட்டும் நேரம் எடுத்துக்கொண்டு. தட்டை என் முன்னால் வைத்துவிட்டு ஆதிரையிடம் ஆங்கிலத்தில், "அவருக்கென்று எட்டு மிளகாய் கூடுதலாகப் போட்டிருக்கிறேன்" என்றாள்.

ஆதிரை என்னைப் பார்த்து, "காரம் கம்மி மிஸ்" என்றாள்.

எட்டு மிளகாய் என்று என் காதாலேயே கேட்டேன். காரம் கம்மி என்றும் கேட்டேன். ஒரு பெரிய துண்டுக் கிழங்கை எடுத்து, சட்னியில் நன்றாகப் புரட்டி வாயில் போட்டேன். மென்றேன். இரண்டாவது துண்டையும் போட்டேன். காது அடைத்தது, மூக்கு ஒழுகியது, உச்சந்தலை வேர்த்தது. மூன்றாவது துண்டுக்குக் கையை நீட்டினேன்.

"அய்யோ, போதும் மிஸ்! தண்ணி குடிங்க! அம்மா, வெரசா மோரு கொண்டா, மிஸ்ஸுக்குக் கண்ணெல்லாம் செவந்துருச்சு!" முத்து என் தட்டைப் பிடுங்கி அந்தப் பக்கம் வைத்தாள். ஒரு கையால் சொம்பை என் வாயில் வைத்து, மறு கையால் என் உச்சந்தலையைத் தட்டினாள்.

அவள் தமிழில்தான் சொன்னாள். ஆனாலும் ஆதிரை தன் வேலையை விடவில்லை. என் தோளைத் தொட்டுத் திருப்பி, அதையும் எனக்குத் தமிழிலேயே மொழிபெயர்த்தாள்.

"திங்கக்கிழமை ஸ்கூலுக்கு வர்றாளாம் மிஸ்."

சொம்பைப் பிடித்தபடியே முத்து அவளை முறைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

"எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு" என்றேன்.